ஏழாவது பூனை

கிறிஸ்துமஸுக்குள் எனிட் தோலுக்காக ஆறு காட்டுப்பூனை பிடித்துவிட்டாள். அவளுடைய அக்கா டோர்கஸுக்குக் கிடைத்தது இரண்டு.

ஆறு, இரண்டு என்பது ஊருக்கு வெறும் கணக்கு. டோர்கஸுக்கு அது தொண்டையில் சிக்கிய மீன்முள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இருபத்திரண்டு குளிர்காலமாக அந்த ஓடைக்கரையில் கண்ணி வைப்பவள் அவள். முதலில் அப்பாவோடு, அவர் போன பிறகு தனியாக. எனிட் பதினேழு வயதில் வைட்ஹார்ஸ் நகரத்துக்குப் போனவள். அங்கே ஒரு விடுதியில் பதினான்கு வருஷம் படுக்கை விரிப்பு துவைத்தாள். போன கோடையில், சேர்ந்து வாழ்ந்தவன் விட்டுவிட்டுப் போனதும், ஒரே ஒரு பெட்டியோடு படகில் வந்து இறங்கினாள்.

"அப்பா கண்ணி வச்ச தடத்துல பாதி எனக்கும் உண்டுதானே அக்கா?" என்று கேட்டாள்.

உண்டுதான். டோர்கஸ் மேல்கிளையைத் தான் வைத்துக்கொண்டு ஓடையின் கீழ்க்கிளையைத் தங்கைக்குக் கொடுத்தாள். காட்டுத்தீயில் எரிந்து கரிக்கட்டையாக நின்ற இடம் அது. டோர்கஸ் அங்கே போய் ஆறேழு வருஷம் இருக்கும். அதற்குள் அந்தக் கரி மண்ணில் வில்லோப் புதர் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. புதருக்கு முயல் வந்தது. முயலுக்குப் பின்னாலேயே பூனை வந்தது. ஆகாத இடம் என்று தள்ளிவிட்டதே தங்கமாகிப் போனதை டோர்கஸ் யாரிடம் சொல்லி அழுவாள்?

தோல் வாங்கும் ஹெக்டரின் கடையில் சனிக்கிழமை தோறும் ஊர் கூடும். ஆறாவது தோலை எனிட் அங்கே கொண்டுவந்து விரித்தபோது எல்லோரும் சுற்றி நின்றார்கள். டோர்கஸின் கணவன் அமோஸும் நின்றான். தோலைக் கையில் தூக்கி, ரோமத்துக்குள் வாயால் ஊதிப் பார்த்தான். சாம்பல் நிற ரோமம் பிரிந்து அடியில் பால்வெள்ளை தெரிந்தது. அமோஸ் நீளமாக ஒரு விசில் அடித்தான்.

"புகை மாதிரி இருக்கு எனிட்! எங்கடி கத்துக்கிட்டே? வெளுக்கிற வேலையிலயா?"

"ஆமா அத்தான். மூணு வாட்டி அலசிட்டுத்தான் பொறியிலேயே மாட்டுவேன்."

கடையே சிரித்தது. மாவு மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற டோர்கஸும் பல்லைக் காட்டினாள். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் தன் தோல் ஒன்றையாவது பார்த்து அமோஸ் விசில் அடித்திருக்கிறானா என்று மனதுக்குள் தேடினாள். ஒன்றுகூட நினைவில் வரவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் எனிட் பல்வலி என்று ஊருக்குள் தங்கிவிட்டாள். மறுநாள் டோர்கஸ் பனிவண்டியில் நாய்களைப் பூட்டிக் கிளம்பினாள். ஓடை பிரியும் இடத்தில் நாய்கள் பழக்கப்படி மேல்கிளைக்குத் திரும்பின. அவள் அவற்றை அதட்டி அங்கேயே கட்டிப்போட்டாள். பனியில் கால் புதையாமலிருக்கப் பனிச்சட்டங்களைக் கட்டிக்கொண்டு கீழ்க்கிளையில் நடந்தாள். சும்மா பார்க்கத்தான், அவள் எப்படித்தான் வைக்கிறாள் என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நான்காவது பொறியில் பூனை இருந்தது. உயிரோடு.

முன்னங்கால் இரும்புப் பொறியில் மாட்டியிருந்தது. இந்தப் பூனைகள் நரியைப் போலத் துள்ளிக் கடித்துத் தீர்ப்பதில்லை. புதரடியில் உட்கார்ந்து, காதின் கருங்குஞ்சம் அசையாமல், மஞ்சள் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆண் பூனை. பாதம் ஒவ்வொன்றும் அவள் உள்ளங்கை அகலம். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை.

இதுவும் அவளுக்கா?

அவள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. நீளக் கம்பு ஒன்றை வெட்டி நுனியில் கம்பிச் சுருக்கு மாட்டினாள். கழுத்தில் போட்டு இறுக்கினாள். அது அடங்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொறியிலிருந்து காலை எடுத்து, பொறியை மறுபடி விரித்து வைத்து, மேலே பனியைத் தூவினாள். பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்கு வந்தாள். வரும்போதுதான் திரும்பிப் பார்த்தாள். போன தடமும் வந்த தடமும் பனியில் தையல் போட்டது போலத் தெளிவாகக் கிடந்தன. அவளுடைய வலது பனிச்சட்டம் போன வருஷம் உடைந்து கம்பி கட்டியது. அந்தக் கம்பியின் பதிவு ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வானத்தைப் பார்த்தாள். தடத்தை மூடப் பனி பெய்யும் அறிகுறியாக ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை.

வீட்டில் அமோஸ்தான் வண்டியிலிருந்து பூனையை இறக்கினான். "அம்மாடி! மேல்கிளையிலயா?"

"பின்ன எங்க?"

அவன் அதன் முன்னங்காலைப் பிடித்துத் தூக்கினான். நசுங்கியிருந்த இடத்தை விரலால் தடவினான். டோர்கஸ் வைப்பது கம்பிக் கண்ணி மட்டும். அது கழுத்தைத்தான் பிடிக்கும், காலை நசுக்காது. அவன் காலைக் கீழே வைத்தான்.

"நல்ல பூனை," என்றான். அதோடு சரி. விசில் இல்லை.

அடுத்த ஐந்து நாளும் பனி பெய்யவில்லை. டோர்கஸ் தோலை உரித்துப் பலகையில் ஏற்றினாள். காலையில் எழுந்ததும் ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பாள். நாய் குரைத்தால் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பாள். ஊர் வழக்கப்படி பூனையின் இறைச்சியைச் சமைத்தாள், அமோஸ் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான், அவளுக்கு இறங்கவில்லை.

ஆறாம் நாள் மதியம், அவள் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தபோது எனிட் வந்தாள். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. நேராகச் சுவரோரம் போய், அங்கே சாய்த்திருந்த பனிச்சட்டங்களில் வலதுகாலுடையதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கம்பி கட்டு நல்லா இறுக்கமாத்தான் இருக்கு," என்றாள்.

டோர்கஸ் கோடரியைக் கட்டையில் இறக்கினாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே அக்கா."

அந்த ஒரு சொல்தான் டோர்கஸைப் பற்றவைத்தது. திருடி என்றிருந்தால் தலையைக் குனிந்திருப்பாள்.

"குடுத்திருப்பியா? நீ எனக்குக் குடுப்பியா? அப்பாவுக்குக் கண்ணு போனப்ப அவரைக் கையைப் பிடிச்சுத் தடத்துல கூட்டிட்டுப் போனது யாரு? மைனஸ் நாப்பது டிகிரி குளிர்ல விரல் நுனி கறுத்துப் போனது யாருக்கு? நீ அங்க வெந்நீர்ல கை வச்சுக்கிட்டு ரேடியோ கேட்டுட்டிருந்தே. இப்ப வந்து ஒரே குளிர்காலத்துல ஊரையே வாயைப் பொளக்க வைக்கிறே. என் புருஷன் உட்பட!"

"அத்தானா? அத்தான் என்ன பண்ணுச்சு?"

"விசில் அடிச்சாரு!"

எனிட் வீங்கிய கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். சிரிக்கப் பார்க்கிறாளா, அழப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை.

"அவரு கெட்டில் கொதிச்சாலும் கூடவே விசில் அடிப்பாரு," என்றாள். பிறகு குரல் மாறியது. "அந்தக் கீழ்க்கிளைய நீ எதுக்கு எனக்குக் குடுத்தேன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? தெரிஞ்சுதான் வாங்கிக்கிட்டேன். அதை நான் ஊர்ல யார்கிட்டயாவது சொன்னேனா? இதையும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு. சனிக்கிழமை, ஹெக்டர் கடையில. சொல்ற வரைக்கும் உன் வீட்டுல தண்ணி குடிக்க மாட்டேன்."

பனிச்சட்டத்தை இருந்த இடத்திலேயே சாய்த்துவிட்டுப் போய்விட்டாள்.

இருட்டியதும் டோர்கஸ் அமோஸிடம் சொன்னாள். அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"தெரியும்."

"அப்ப ஏன் கேட்கல?"

"என்னைக்கு நீ சொல்லுவேன்னு பார்த்துட்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் இன்னைக்கு நீ சொல்லிடுவேன்னு நினைப்பேன்." கத்தியைக் கீழே வைத்தான். "இறைச்சியைத் தின்னுட்டோமே, அதுக்கு என்ன பண்ணப் போற?"

"நீ ரெண்டு தரம் தின்னே."

"திருட்டுன்னு தெரிஞ்சும் ருசியா இருந்துச்சு. என்ன பண்ண."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. விசிலைப் பற்றிக் கேட்டாள். எந்த விசில் என்று அவன் உண்மையாகவே விழித்தான். இத்தனை நாள் தன் வயிற்றைத் தின்ற சங்கதி அவன் தலைக்குள் ஒரு நிமிஷம்கூடத் தங்கியிருக்கவில்லை என்பது அவளுக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் கொஞ்சம் வலித்தது.

சனிக்கிழமை தோலைச் சுருட்டாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கடைக்குப் போனாள். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். எனிட் அடுப்போரம் நின்றிருந்தாள்.

"இது எனிட் பொறியில விழுந்த பூனை," என்றாள் டோர்கஸ். "நான்தான் எடுத்தேன்."

யாரோ இருமினார்கள். பொறியில் விழுந்ததைத் திருடியவர் என்று அந்த ஊரில் பேர் வாங்கிய கடைசி ஆள் வேறு ஆற்றங்கரைக்கே குடிபோய்விட்டார். ஹெக்டர் தராசைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார், அது சுத்தமாகத்தான் இருந்தது. எனிட் வந்து தோலை வாங்கி, ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் உரிச்சிருக்கே," என்றாள். அவ்வளவுதான். எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஒரு மாதம் ஊர் அவளை விடவில்லை. அவள் வந்தால் ஆண்கள் தங்கள் தோல் தொப்பியைப் பிடித்துக்கொள்வார்கள். "டோர்கஸ், இது முயல்தோல், பூனை இல்ல!" அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். எனிட் சிரிப்பில் சேரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. ஊருக்கு முன்னால் சொல்வது ஒன்று, தங்கைக்கு ஆறுவது ஒன்று என்று டோர்கஸுக்கு அப்போதுதான் புரிந்தது.

மார்ச்சில், பருவம் முடிகிற வாரம், எனிட் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"பொறி எல்லாத்தையும் எடுக்கணும். கூட ஒரு ஆள் வேணும்."

இருவரும் கீழ்க்கிளையில் நடந்தார்கள். அன்று திருட்டுக் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் டோர்கஸுக்கு இன்று தெரிந்தது. ஒவ்வொரு பொறியும் சாய்ந்த மரத்துக்கு அடியில், பூனை காலைத் தூக்கித் தாண்டியே ஆக வேண்டிய குச்சிக்கு அந்தப் பக்கம், அடி எங்கே விழுமோ சரியாக அங்கே இருந்தது. புதர் வளர்ந்தது மட்டும் காரணம் இல்லை.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. நவம்பர் முழுக்கப் பொறியே வைக்கல. பூனை எங்க கால் வைக்குதுன்னு பின்னாடியே நடந்து பார்த்தேன்."

டோர்கஸுக்குப் பழைய எரிச்சல் அப்படியே எழுந்து வந்தது. ஒரு துளி குறையவில்லை. குனிந்து பொறியின் சங்கிலியை அவிழ்த்தாள்.

"நல்லா வச்சிருக்கே," என்றாள்.

"என்ன? காதுல விழல. திரும்பச் சொல்லு."

"போடி," என்றாள் டோர்கஸ். சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பொறியை நோக்கி முன்னால் நடந்தாள்.