ரோலண்டுக்கு விட்ட சுரம்

இடது கைச் சுண்டுவிரல் பியானோக் கட்டைக்கு மேலே நிற்கிறது, இறங்காதே, இறங்காதே என்று ஹெப்சி அதனிடம் கெஞ்சுகிறாள், ஹோட்டல் ஹாலில் ஏசி இருந்தும் கழுத்தெல்லாம் வேர்வை, பக்கத்தில் பேஸ் கிட்டாரோடு ரோலண்ட், இன்னொரு தடவ என் சுரத்துல கைய வச்சா சனிக்கிழம வேற ஆள வச்சுப்பேன் ஹெப்சி, சொல்லிட்டேன், என்று இப்போதுதான் சொன்னார், சனிக்கிழமைதான் முதல் நிகழ்ச்சி, நாற்பத்தொரு வயதில் அவருடைய குழுவில் கிடைத்த இடம், அதை ஒரு விரல் கெடுக்கப் பார்க்கிறது, பாடம் என்னவோ சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும், சி மேஜர் ஸ்கேலின் ஏழு வெள்ளைக் கட்டைகள், இரண்டாவதில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக நாலு எடு, சேர்த்து அழுத்தினால் ஒரு கார்டு, டி, எஃப், ஏ, சி, அடியில் இருக்கும் டியை ரோலண்டுக்கு விட்டுவிடு, உனக்கு எஃப்பும் சியும் போதும், அடுத்த கார்டுக்கு சி மட்டும் அரைச் சுரம் இறங்கி பி ஆகும், அவ்வளவுதான், ஆனால் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் அல்லவா, பாளையங்கோட்டை சர்ச்சில் பதினெட்டு வருஷம் ஆர்கன் வாசித்த கை இது, ஒரு ஞாயிறு பாட்டுப் புத்தகம் சரிந்து விழுந்தது, இடது கையை எடுத்துவிட்டு ஒரு சரணம் முழுக்கப் பக்கம் தேடினாள், அதற்குள் சபை மொத்தமும் அரைச் சுரம் இறங்கிவிட்டது, கையைத் திரும்ப வைத்தால் ஆர்கன் ஒரு பக்கம், ஜனம் ஒரு பக்கம், யம்மா, நீ அடிய விட்டா நாங்க எல்லாரும் விழுந்துருவோம்லா, என்று வாசலில் போதகர் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை, அன்றிலிருந்து அந்த விரல் எதையும் விடவில்லை, அப்பா படுக்கையில் விழுந்தபோதும், தம்பி வேலையை உதறிவிட்டு வந்து நின்றபோதும், அடியில் தாங்கியது அவள்தான்.

ஒன், டூ, ரோலண்ட் எண்ணுகிறார், எஃப், சி, கீழே அவருடைய டி வந்துவிட்டது, அடுத்து சி இறங்கி பி, சரி, மூன்றாவது கார்டில் அவர் கை சும்மா நிற்கிறது, வேண்டுமென்றேதானா, கீழே ஒன்றுமே இல்லை, ஐயோ, எல்லாம் விழுந்துவிடுமே, விரல் துடிக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு தன் பங்கு ஈ, பி சுரங்களை மட்டும் பிடித்திருக்கிறாள், ஒரு தட்டு, இரண்டு தட்டு, ஆத்திரமாய் வருகிறது, இத்தனை வருஷம் யார் தாங்கினார்கள் என்று கத்த வேண்டும்போல, மூன்றாம் தட்டில் ரோலண்டின் சி நிதானமாக வந்து அடியில் உட்கார்ந்தது. பயந்துட்டியா, என்றார், ஆமாண்ணே, என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நான் எங்க போய்டப் போறேன், சனிக்கிழம ஆறு மணிக்கு வந்துரு, என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இன்னொருக்கா வாசிப்போமாண்ணே, இந்த தடவ உங்க சி இன்னுங் கொஞ்சம் பிந்தி வரட்டும்.