கடுகளவு துத்தம்

என் மனைவி புவனா மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது என்னிடம் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னது மாட்டையோ வீட்டையோ அல்ல, மீன் தொட்டியை. மகன் ஓசூருக்கு வேலைக்குப் போன வருஷம் வாங்கியது. மேல்மலைக் குளிருக்காக அதற்கு ஒரு ஹீட்டர் வேறு. எனக்குக் குளிக்க வெந்நீர் விறகடுப்பில்தான். கேட்டால், “அதுகளுக்குப் போத்திக்கத் தெரியாதுல்லங்க,” என்பாள்.

அதில் இருந்த ஏஞ்சல் மீன் ஜோடி மூன்று முறை முட்டை போட்டு, மூன்று முறையும் தாங்களே தின்று தீர்த்தன. இப்படியும் ஒரு பிறவியா என்று எனக்கு எரிச்சல். புவனா அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடமாட்டாள்.

நாலாவது முறை போட்டபோது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். புற்றுநோய்க்கு மூன்றாம் தடவை மருந்து ஏற்றிய வாரம். வாயெல்லாம் புண், கஞ்சியைக்கூடத் தொடமாட்டேன் என்கிறாள் என்று, கூட இருந்த அவள் அக்கா ராஜகுமாரி போனில் அழுதாள். தொட்டிச் செடியின் இலையில் முட்டை போட்டிருக்கும் விஷயத்தை நான் சொன்னேன். புவனா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அந்த எலையோட வெட்டி எடுத்துச் சின்னத் தொட்டியில போடுங்க. ஹீட்டரும் காத்துக் குழாயும் வைங்க. வெள்ளையா ஆனது செத்த முட்டை, அத மட்டும் ஊசியால எடுத்துருங்க. வெரசாப் போங்க!”

அன்று இரண்டு இட்லி சாப்பிட்டாளாம்.

மூன்றாம் நாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பொரிந்த குஞ்சுகள் இலையில் ஒட்டியபடியே வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தன. தனியாக நின்று சிரித்தேன். போனில் புவனாவிடம் சொன்னேன். “நான் வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள நீந்திரும்ங்க,” என்றாள்.

ஆனால் வெள்ளை பரவியது. என் விரல் பூண்டு பிடுங்கிக் காய்த்துப்போன விரல். ஊசியால் ஒரு செத்த முட்டையை எடுத்தால் உயிருள்ளது இரண்டு கூடவே வந்தது. மனசு வராமல் விட்டுவிட்டேன். மறுநாள் பஞ்சு போலப் பூஞ்சணம் படர்ந்து, ஆடுகிற வால்கள் வரைக்கும் வந்துவிட்டது.

பூஞ்சணம் எனக்குத் தெரியாததா? முப்பது வருஷமாகப் பூண்டிலும் உருளையிலும் அதோடுதானே மல்லுக்கட்டுகிறேன். உருளைக்கு அடித்ததுபோகப் பூஞ்சணத்தைக் கொல்லும் நீல மயில்துத்தம் கொஞ்சம் டப்பாவில் இருந்தது. மாட்டுக் குளம்புப் புண்ணுக்கும் அதுதான், என் சேற்றுப்புண்ணுக்கும் அதுதான். விட்டால் சோற்றிலும் போடுவீர்கள் என்று புவனா கேலி செய்வாள். அவளைக் கேட்டிருக்கலாம். பயந்துவிடுவாளே என்று கேட்கவில்லை. கிலோக் கணக்கில் கரைத்து அடிக்கிற சாமானில் ஒரே ஒரு கடுகளவு எடுத்து, கரைத்து, வடிகட்டி ஊற்றினேன். அவ்வளவு பக்குவம்!

பூண்டுக் காட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து பார்த்தேன். ஒரு வாலும் ஆடவில்லை. தொட்டியைத் தட்டினேன். தண்ணீரை மாற்றினேன். இலையைக் கையில் எடுத்து ஊதிக்கூடப் பார்த்தேன். பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அப்போது புவனாவின் போன் வந்தது.

“வீடியோவுல காட்டுங்க, பாப்போம்.”

“சிக்னல் இல்ல, புவனா.”

“ஆடுதா?”

“ம். ஆடுது.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

“துத்தம் போட்டீங்களா?”

முப்பது வருஷம் என்னோடு காட்டில் நின்றவளிடம் எதை மறைப்பது? “கடுகளவுதான் போட்டேன்,” என்றேன். அழுதுவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“அழுவாதீங்க. நல்லதுக்குத்தான போட்டீங்க,” என்றாள். பிறகு மெதுவாக, “எனக்கும் நல்லதுக்குத்தான் ஏத்துறாங்க. ஒடம்பு தாங்கணுமில்லங்க,” என்றாள்.

“இந்தா, ஒரு வாய் வாங்கிக்க,” என்று ராஜகுமாரி பக்கத்தில் கெஞ்சுவது கேட்டது.

“வேணாங்க்கா,” என்றாள் புவனா.