மேல்மாடியில் என் அப்பா

அக்கா இரீடே சொந்த ஊரில் பாடப்போகிறாள் என்று சுவரொட்டி ஒட்டிய அன்றே, அப்பா தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முடிவெட்டும் நூல்லோ வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"ஏம்பா, உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றேன்.

"தீர்ப்புச் சொல்றவன் குற்றவாளி கூட ஒக்காந்து சாப்பிடக் கூடாது, ஆஃப்ரா. அது முறையில்ல."

குற்றவாளி என்றது பெற்ற மகளை.

இத்தாலியில், பார்மாவைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் ஓபரா என்ற இசைநாடகம் பார்க்கும் லட்சணம் இதுதான். கீழே பட்டு நாற்காலிக்காரர்கள் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். தீர்ப்பு எழுதப்படுவது மேல்மாடியில், முதுகு ஒடியும் மரப்பலகைகளில். பாடுகிறவர் சறுக்கினால் அங்கிருந்து விசில் பறக்கும். எங்கள் பக்கம் விசில் என்றால் பாராட்டு இல்லை, செருப்படி. அப்பா பெயர் லெயார்கோ; கடையில் பன்றித்தொடையைப் பதப்படுத்த உப்புத் தடவுகிறவர். மேல்மாடியில் அவர் வைத்ததுதான் சட்டம். ஒருமுறை அவர் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்ததும், பேர்போன சொப்ரானோ பாடகி ஒருத்தி வேஷத்தோடு ரயிலேறிப் போனாள். கல்யாண விருந்துகளில் அந்தக் கதையைச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த மனிதருக்குத்தான் இப்படி ஒரு மகள். இசைப்பள்ளியில் சேர்ந்த புதிதில், மல்லாந்து படுத்து, வயிற்றில் கனமான புத்தகங்களை அடுக்கி மூச்சு இழுக்கச் சொன்னார் ஆசிரியை. எங்கள் வீட்டில் அவ்வளவு கனத்துக்குப் புத்தகம் ஏது? அக்கா முழுப் பன்றித்தொடை ஒன்றைத் தூக்கி வயிற்றில் வைத்துக்கொண்டாள். அது ஏறும், இறங்கும். அம்மா அதைத் தாண்டித் தாண்டிப் போய் அடுப்பைக் கவனிப்பாள். பிறகு நாக்குக்குப் பயிற்சி, தாடைக்குப் பயிற்சி, ஜெர்மன் உச்சரிப்பு என்று வருடங்கள் ஓடின. முதல் வேஷம் பணிப்பெண். "அம்மணி, கடிதம் வந்திருக்கிறது" என்ற ஒரே வரி. அதைக் கேட்கக் குடும்பத்தோடு பேருந்து பிடித்துப் போனோம்.

"எப்படிப்பா இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"கடிதம் லேட்டா வந்துச்சு" என்றார் அப்பா.

அதற்கப்புறம் வியன்னா, லியோன், எங்கெங்கோ கதாநாயகியாகப் பாடினாள். எங்கள் ஊர் அழைத்தால் மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளும். "வியன்னால பிடிக்கலைன்னா தூங்கிடுவாங்க. அப்பா தூங்க மாட்டாரு" என்பாள். இந்தத் தடவை எப்படியோ துணிந்துவிட்டாள். துணிந்த நேரம், மிலானிலிருந்து சான்ஃபெலீச்சி என்ற இசை நடத்துநர் வந்து இறங்கினார்.

மூன்றாம் அங்கத்தில் காதலனை வழியனுப்பும் பாட்டு ஒன்று உண்டு. எழுதியபடி பாடினால் கடைசியில் குரல் இறங்கி இறங்கி அடங்கிவிடும். ஆனால் எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக எல்லாப் பாடகிகளும் அந்த இடத்தில் உச்ச சுரத்துக்குத் தாவித்தான் முடிப்பார்கள். தாவாமல் விட்டால் பாலாடைக்கட்டி தூவாத பாஸ்தாவைப் பரிமாறிய மாதிரி. நடத்துநருக்கோ தாளில் உள்ளதுதான் வேதம். மேலே போனால் வாத்தியங்களை நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

"பாடினா அவரு நிறுத்துவாரு, பாடலைன்னா அப்பா விசிலடிப்பாரு. நான் எங்கடி போய் முட்டிக்கிறது?" என்று அக்கா சமையலறையில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் நூல்லோ கடைக்கு ஓடினேன். அப்பா முகமெல்லாம் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"அப்பா, அவ ஒங்க பொண்ணு."

"மேல ஏறிட்டா நான் யாருக்கும் அப்பா இல்ல. உச்சம் இல்லையா, விசில்தான்."

"அப்படிச் சொல்லு!" என்றான் நூல்லோ, கத்தியைத் தீட்டிக்கொண்டே. இருவரையும் அப்படியே உப்புத் தொட்டியில் அமுக்கலாம்போல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நானும் மேல்மாடி ஏறி அப்பாவை ஒட்டி உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்து இழுப்பதுதான் என் திட்டம். அந்தப் பாட்டு வந்தது. அக்கா பாடினாள். கடைசி அடி நெருங்கியதும் மாடியே நிமிர்ந்து உட்கார்ந்து உச்சத்துக்குக் காத்திருந்தது. அவள் மேலே போகவில்லை. கீழே வந்தாள், இன்னும் கீழே, காதலன் தெருக்கோடி தாண்டிப் போவதை நின்று பார்க்கிறவள்போல. குரல் எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை.

அப்பாவின் விரல்கள் வாய்க்குப் போயின. சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டார். கன்னத்தை உப்பி ஊதினார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. திரும்பிப் பார்த்தேன். முகம் முழுக்கத் தண்ணீர், உதடு கோணி நடுங்கிக்கொண்டிருந்தது. அழுகிற உதட்டால் விசிலடிக்க முடியாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த நொடியில் அப்பாவுக்கு மறுபக்கத்திலிருந்து விசில் கிளம்பியது. நூல்லோ!

அப்பா தொப்பியைக் கழற்றி அவன் மண்டையில் சாத்தினார். "வாய மூடுடா!"

"உச்சம் இல்லைன்னா அடிக்கணும்னு நீதானடா சொன்ன?"

"சொன்னவன் மடையன்டா!"

மேல்மாடி இரண்டாகப் பிளந்தது. பாதிப் பேர் 'பிராவா' என்று தொண்டை கிழியக் கத்தினார்கள், பாதிப் பேர் விசிலடித்தார்கள். யாரோ கடித்த சலாமி ரொட்டி ஒன்று கீழே பட்டு நாற்காலிகளை நோக்கிப் பறந்தது. திரை விழுந்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

அப்பா திடீரென்று என் தோளைப் பிடித்தார். "ஆஃப்ரா, மொத விசில் என்னுதுன்னு நெனச்சிருப்பா. இன்னும் ஒரு அங்கம் பாடணும் அவ."

சொல்லிவிட்டு ஓட்டம் பிடித்தார், நானும் பின்னாலேயே ஓடினேன். மேல்மாடிக்காரன் செத்தாலும் மேடைக்குப் பின்னால் கால் வைக்க மாட்டான். பாடகர்களோடு பழகியவன் சொல்லும் தீர்ப்பை அப்புறம் யார் மதிப்பார்கள்? வாழ்நாளெல்லாம் அந்த முறையைக் காத்தவர், மாடிப்படிகளில் உருளாத குறையாக இறங்கி, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி, பின்வாசல் காவலாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். மரஈட்டி ஏந்திய சிப்பாய்கள் சிதறினார்கள். கிரீடம் வைத்த ராஜா ஒருவர் சுவரோடு ஒட்டி வழி விட்டார்.

"நான் இல்லடி! இரீடே, நான் இல்லடி!"

ஒப்பனை அறைக் கதவைத் திறந்தபோது அக்கா கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"அது நான் இல்லம்மா. அடிக்கத்தான் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். வரல. வெறும் காத்துதான் வந்துச்சு."

அக்கா பவுடர் பூசிக்கொண்டே கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள்.

"தெரியும்ப்பா. நீங்க அடிச்சா சுருதி சுத்தமா இருக்கும். இது இறங்கிப்போய்க் கெடந்துச்சு. நூல்லோ மாமாதானே?"

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் அப்பாவிடமிருந்து வந்தது. கடைசி அங்கத்துக்கு மணி அடித்தது. அக்கா எழுந்து வந்து, அவருடைய ஈரக் கன்னத்தில் உதட்டுச் சாயம் ஒட்ட ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மேடைக்கு ஓடினாள். கடைசி அங்கத்தை அப்பா மரஈட்டிச் சிப்பாய்களுக்கு நடுவே, மேடையோரத்தில் நின்றபடியே கேட்டார். எல்லோருக்கும் முந்திக் கை தட்டியவரும் அவர்தான்.