பஞ்சாரத்தில் பொரித்த சவுக்கு

1957ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம், பாலக்கரையில் லூர்துராணி வீட்டுச் சவுக்கு மரம் குஞ்சு பொரித்தது. அதில் தொங்கிய கண்ணாடி உருண்டைகளில் ஒன்றுகூடக் கூமுட்டையாகவில்லை. அன்றைக்குக் கத்தரிக்காய் விலை ஏறியிருந்ததால், தெருவில் முதலில் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

இதில் மரத்தைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முந்திய இரண்டு வருடமும் மரம் பட்ட பாடு ஊருக்கே தெரியும். முதல் வருடம், விறகுக் கடையில் சொல்லிவைத்துப் பச்சையாக வாங்கி வந்த மரத்தை ஆடு இடுப்பு வரை மேய்ந்துவிட்டது. மறு வருடம் பூனை உச்சி நட்சத்திரத்தைப் பிடிக்க ஏறி, மரத்தோடு சேர்ந்து விழுந்தது. உடைந்த உருண்டையை எடுத்துக் கடித்த லூர்துராணியின் கைக்குழந்தை அமலராணிக்கு உதட்டில் தையல் போட வேண்டியதாயிற்று. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த அவள் அப்பா விக்டர், "இன்னொரு கீறல் விழட்டும், மரம் நேரா அடுப்புக்குத்தான். அப்புறம் இந்த வீட்டுக்குள்ள மரமே கிடையாது" என்று சொல்லிவிட்டான். லூர்துராணிக்கோ மரமில்லாத கிறிஸ்துமஸ் உப்பில்லாப் பண்டம். மிச்சமிருந்த உருண்டைகள் வேறு, இங்கிலாந்துக்குக் கப்பலேறிய எஞ்சினியர் துரைசாணி அவளுக்கென்று விட்டுப்போனவை.

யோசனைக்குப் பஞ்சமில்லை. நம் ஊரில் இலவசமாகக் கிடைப்பது அது ஒன்றுதான். மரத்தை ஜன்னல் கம்பியில் கட்டச் சொன்னார்கள். ஆட்டுக்கு வாய்ப்பூட்டு போடச் சொன்னார்கள். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர், பண்டிகை முடியும்வரை குழந்தையை மணப்பாறைக்கு அனுப்பிவிட்டால் மரம் பத்திரமாக இருக்கும் என்றார். அடுத்த வீட்டு ரோஷன் பேகம்தான் காரியத்துக்கு ஆகிற மாதிரி பேசினாள். "என் கோழிக் குஞ்சை எந்தப் பூனையாவது தொட்டிருக்கா ராணிம்மா? பெரிய பஞ்சாரமா முடையச் சொல்லி மேல கவுத்துடுங்க." மூங்கில் கூடை முடைகிறவர் ஆள் உயரத்துக்கு ஒன்று முடைந்து கொடுத்தார். டிசம்பர் பிறந்ததும் மரத்தை ஜோடித்து, மூடினாள். உருண்டைகளோடு ஒன்றைப் பஞ்சாரத்தில் மூன்று வாரம் கவிழ்த்து வைத்தால் என்ன நடக்கும் என்று கோழி வளர்த்தவர்களுக்குத் தெரியும். லூர்துராணி கோழி வளர்த்ததில்லை.

சாண் உயரச் சவுக்குக் குஞ்சுகள் வீடெங்கும் ஓடின. பூனை பயந்துபோய்ப் பரணில் ஏறியது. ஆடு ஒரு குஞ்சை முகர்ந்து பார்க்க, தாய்மரம் தொட்டியிலிருந்து இறங்கி வந்து அதன் மூக்கில் கொத்தியது. அதோடு ஆடு வைக்கோலுக்குத் திரும்பிவிட்டது. அமலராணி குஞ்சுகளோடு குஞ்சாகத் திரிந்தாள். பங்குச் சாமியார் வந்து பார்த்துவிட்டு, ஞானஸ்நானம் கொடுக்கத் திருச்சபைச் சட்டத்தில் இடமில்லை, வெறும் தண்ணீர் ஊற்றலாம் என்றார். விக்டர் மட்டும் மசியவில்லை. ஆட்டைக் கொத்திய மரம் நாளைக்குப் பிள்ளையையும் கொத்தும் என்று, ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் கோடரியோடு கொல்லைக்கு வந்தான். லூர்துராணி அழுதாள், அது எடுபடவில்லை.

அந்த நேரம் அமலராணி கையில் அதிரசத்தோடு கொல்லையில் நின்றாள். பருந்து ஒன்று அதிரசத்துக்குக் குறிவைத்து அவள் முகத்துக்கு நேராக இறங்கியது. விக்டர் கோடரியைப் போட்டுவிட்டு ஓடினான். மரம் அவனுக்கு முன்னால் ஓடியது. கொக்கரித்தபடி கிளைகளை விரித்தது. குஞ்சுகளோடு குழந்தையும் அடியில் புகுந்துகொண்டாள். பருந்துக்குச் சில இறகுகள் நஷ்டம். உள்ளேயிருந்து அதிரசம் மெல்லும் சத்தம் கேட்டது. விக்டருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. குனிந்து கையை நீட்டினான். மரம் கிளையை இன்னும் இறுக்கியது. பட்டறையில் ஃபோர்மேனுக்கே கும்பிடு போடாதவன் கைகட்டி நின்றான். "நான் புள்ளையோட அப்பாங்க. கொஞ்சம் விடுங்க." மரம் அவன் கையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கையில் கோடரி வாசம். அவன் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான். பிறகுதான் விட்டது.

குஞ்சுகள் வளர்ந்து தங்கள் வழியைப் பார்த்துக்கொண்டு போயின. ஒன்று காவிரிப் பாலம் கடந்து ஸ்ரீரங்கத்தில், லூர்துராணியோடு ஸ்கூலில் வேலை பார்த்த ரங்கநாயகி வீட்டு வாசலில் போய் நின்றது. மார்கழியில் தானாக வந்ததை விரட்டுவது அபசாரம் என்று அவள் கோலத்துக்கு நடுவே அதற்கு இடம் விட்டாள். தாய்மரம் பாலக்கரையிலேயே இருந்தது. அறுபதுகளில் தெருவில் யார் சினிமாவுக்குப் போனாலும் பிள்ளைகளை அதன் அடியில் விட்டுவிட்டுப் போனார்கள். விக்டர் பட்டறையிலிருந்து வந்ததும் நேரே குழாயடிக்குத்தான் போவான். கையைக் கழுவிக்கொண்டு வந்து, மரம் பார்க்கட்டும் என்று இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டுவான்.