வருஷம் பிறக்குமுன் அடைத்த கடன்

என் கணவரின் அக்கா லுவாவுக்கு நாங்கள் கொடுக்க வேண்டியிருந்தது நாலு கோடி டோங். கோடி என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம். எங்கள் சா டெக் ஊரில் அதற்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வரும், அவ்வளவுதான். வெள்ளம் வந்து சாமந்தித் தொட்டி வைக்கும் மரப் பரண்களை அடித்துக்கொண்டு போனபோது அவள்தான் கொடுத்தாள். உரக்கடை வைத்திருக்கிறாள், கையில் எப்போதும் காசு புரளும். மூன்று வருஷத்தில் மெதுவாகத் திருப்பினால் போதும் என்றாள். வட்டி வேண்டாம் என்றாள். வட்டியை வேறு வழியில் வசூலித்துக்கொண்டாள்.

மாமனாரின் திதிச் சாப்பாட்டில் பாய் நிறைய உறவு உட்கார்ந்திருக்கும்போது, மீன் தலையை எடுத்து என் கிண்ணத்தில் வைப்பாள். "நல்லா சாப்பிடு மியென். நீ படுத்துட்டா என் காசும் சேந்து படுத்துரும்." எல்லோரும் சிரிப்பார்கள். என் கணவரும் சிரிப்பார். ஒரு நாள் என் மகளுக்குச் செருப்பு வாங்கிக்கொண்டு சந்தையில் நடந்தோம். லுவா கடைக்குள்ளிருந்தே எட்டிப் பார்த்து, "அட, என் காசுக்குக் கால் மொளச்சு நடக்குதே" என்றாள். உரம் வாங்க வந்தவன்கூடச் சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் மகள் செருப்பைக் கழற்றிப் பெட்டியிலேயே வைத்துவிட்டாள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த வருஷம் முடிவதற்குள் முழுக் கடனையும் அவள் முகத்துக்கு நேராக வைத்துவிட வேண்டும்.

"கெடு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. எதுக்கு இப்பிடிப் பறக்குற?" என்றார் கியெட். என் கணவர்தான்.

"உங்களுக்கு அக்கா. எனக்கு அவ யாரு? கடன்காரி."

"பேசிட்டுப் போறா. பேச்சு உடம்புல ஒட்டுதா என்ன?"

"எனக்கு ஒட்டுது. தேச்சுக் குளிச்சாலும் போக மாட்டேங்குது."

அவர் தண்ணீர் நிற்கும் தோட்டத்துக்குள் படகைத் தள்ளிக்கொண்டு போனார். பிடிக்காத பேச்சு வந்தால் அவருக்கு உடனே ஏதாவது செடிக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

மொட்டு மிளகளவு இருக்கும்போதே வியாபாரி வந்து தோட்டத்தை மொத்தமாக விலை பேசுவது வழக்கம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் அப்புறம் வெயிலோ மழையோ, பூ விற்றதோ விற்கவில்லையோ, அது அவன் பாடு. அந்த வருஷமும் வந்தான். அவன் சொன்ன விலைக்கு லுவாவின் கடனில் பாதிதான் அடையும். பாதி அடைத்தால் வாயும் பாதியாகுமா என்ன? வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நானே சைகோனுக்குக் கொண்டுபோய், வருஷப் பிறப்புக்குப் பூ வாங்குகிறவர்களுக்கு நடைபாதையில் வைத்து விற்கிறேன் என்றேன். கியெட் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு அந்த வார்த்தையே வராது.

லாரி பிடித்து, பூங்கா ஓரத்தில் இடம் வாடகைக்கு எடுத்து, தொட்டிகளை அடுக்கிவிட்டு இரண்டு பேரும் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தோம். முதல் நாள் ஒரு ஜோடித் தொட்டி இரண்டு லட்சத்துக்குப் போனது. நான் மனசுக்குள் லுவாவின் கடை வாசலில் போய் நின்றுவிட்டேன். மறுநாள் பக்கத்து ஊர்களிலிருந்தும் லாரி லாரியாகப் பூ வந்து இறங்கியது. நடைபாதை முழுக்க மஞ்சள். ஒன்றரை லட்சம் என்றேன், பிறகு ஒரு லட்சம் என்றேன். வந்தவர்கள் தொட்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

வருஷத்தின் கடைசி நாள் மதியத்துக்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். அது சைகோன்காரர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அன்று காலையில்தான் சாவகாசமாக வந்தார்கள். ஒருத்தி காரிலிருந்து இறங்காமலே கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"ஜோடி முப்பதாயிரத்துக்குத் தர்றியா?"

"தொட்டி விலையே அதுக்கு மேலம்மா. ஆறு மாசம் வளத்த பூ."

"இன்னும் ஒரு மணி நேரத்துல குப்பையில போடத்தானே போற? அதுக்கு எனக்குக் கொடு. புண்ணியமாவது வரும்."

ஒரு தொட்டியைத் தூக்கி அவள் கார் சக்கரத்துக்கு முன்னால் போட்டு உடைத்தேன். "இந்தாங்க, இது சும்மாவே எடுத்துக்குங்க" என்றேன். கண்ணாடி சட்டென்று ஏறியது. பக்கத்துக் கடைக்காரனும் தன் தொட்டிகளை உடைக்க ஆரம்பித்தான். நான் நிறுத்தவில்லை. கியெட்தான் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மிச்சத்தை அவரே ஜோடி முப்பதாயிரத்துக்குக் கொடுத்துத் தீர்த்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

லாரிக்கும் இடத்துக்கும் கொடுத்தது போகப் பணத்தை எண்ணினால் கடனுக்கு இரண்டு கோடி குறைந்தது. வியாபாரிக்கே கொடுத்திருந்தால் நோகாமல் வீட்டில் இருந்திருக்கலாம். இருப்பதைக் கொடுப்போம், மிச்சத்தை அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார் அவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. விடிந்தால் வருஷப் பிறப்பு. அதற்கப்புறம் மூன்று நாளைக்குப் பணம் கொடுக்கவும் கூடாது, கேட்கவும் கூடாது. இந்த ராசி கெட்ட கடனைப் புது வருஷத்துக்குள் இழுத்துக்கொண்டு போகமாட்டேன் என்றேன். சா டெக் வந்ததும் கதவைப் பாதி இறக்கியிருந்த தங்கக் கடைக்குள் நுழைந்து, கல்யாணத்துக்கு அம்மா போட்ட காப்பைக் கழற்றி வைத்தேன். கையில் காப்பு இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

சாயங்காலம் கொழுந்தன் ஹாவ் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். கடைசிப் பிள்ளை என்பதால் முன்னோர் படமும் ஊதுவத்தியும் அவன் வீட்டில்தான். படையல் முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும், பணக்கட்டை லுவாவின் முன்னால் வைத்தேன்.

"அக்கா, முழுசும் இருக்கு. எண்ணிக்குங்க."

லுவா எண்ணினாள். எச்சில் தொட்டுத் தொட்டு, நிதானமாக. எனக்கு முதுகு நிமிர்ந்தது. ஒரு வருஷமாக அந்த வீட்டில் நான் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

"சரியா இருக்கு. கெட்டிக்காரங்கதான்" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னாள்.

அந்த சந்தோஷம் ஒரு வாய் சோறு இறங்கும்வரைகூட நிற்கவில்லை. ஹாவ் தொண்டையைக் கனைத்தான்.

"அக்கா, நான் சொன்னேன்ல, அந்தப் பழைய லாரி. விக்கிறவன் இன்னிக்கே காசு கேக்குறான். நாளைக்கு யாருகிட்டயும் வாயத் தொறக்க முடியாது."

"உனக்குக் கொடுக்கறதும் ஒண்ணு, ஆத்துல போடறதும் ஒண்ணு" என்றாள் லுவா. பிறகு பணக்கட்டைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் ஆட்டினாள். "கியெட் பேருல வேணா தரேன். கெடுவுக்கு ரெண்டு வருஷம் முன்னாலயே கொண்டாந்து வச்சவன். அவன்கிட்ட கொடுத்தா நான் நிம்மதியாத் தூங்குவேன். நீ அவனுக்குக் கட்டு, அவன் எனக்குக் கட்டட்டும்."

"அக்கா, அவர் எதுக்கு நடுவுல?" என்றேன்.

"ஏம்மா, உங்களுக்கு முடை வந்தப்ப நான் கொடுக்கலியா? இப்ப உங்க கை சுத்தமாயிருச்சு. கூடப் பொறந்தவனுக்கு நிக்க மாட்டீங்களா?"

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நான் கியெட்டைப் பார்த்தேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார்.

"சரிக்கா" என்றார்.

"பயப்படாதீங்க அண்ணி, மாசா மாசம் டாண்ணு கட்டிருவேன்" என்றான் ஹாவ். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, நான் வைத்த கட்டை அப்படியே சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினான். ஊதுவத்திக்கு முன்னால் சண்டை போடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். நாளைக்குப் பேச முடியாது. நல்ல வார்த்தை மட்டும்தான் பேச வேண்டும்.

"முடியாதுன்னு ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? கையில காசு இல்லன்னா? இப்பத்தானே கட்டாக் கொண்டுபோய் வச்ச?"

"இதுக்கா என் காப்ப வித்தேன்?"

அவர் வண்டியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கடன் இருந்தவரைக்கும் என்கிட்ட யாரும் எதுவும் கேட்டதில்ல, மியென். ஹாவும் கேட்டதில்ல, அக்காவும் கேட்டதில்ல. பாவம், கடன்காரன்னு விட்டுட்டாங்க. அதான் பொறுமையாக் கட்டலாம்னு சொன்னேன்."

"அப்ப என்னைப் பாத்து அவங்க சிரிச்சதுக்குப் பின்னால நீங்க ஒளிஞ்சிட்டு இருந்தீங்க."

அவர் குனிந்து வண்டியைக் கிளப்பினார்.