காணாமல் போன நெஞ்சுகள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிரியோனி சொன்னதைக் கேட்டதும் சொலோஃபுவாவுக்கு உடனே கோபம் வரவில்லை. தீவுத் தலைநகர் ஆபியாவின் சந்தையில் இருபது வருஷம் சேப்பங்கிழங்கு விற்றவள் அவள். எதிராளி எடுத்த எடுப்பிலேயே கையை விரித்தால் பேரம் ஆரம்பமாகிவிட்டது என்றுதான் அவளுக்கு அர்த்தம். கோபம் கொஞ்சம் பின்னால் வந்தது. வந்தபிறகு போகவில்லை.

"லூபேக்கு வால்வுல ஒட்டுப் போட முடியாதுங்க," என்றாள் பிரியோனி. சிட்னியிலிருந்து வந்த இதய ஆபரேஷன் குழுவில் ஆராய்ச்சி விவரங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "இனிமே தீவுக்காரங்க இந்த ஆராய்ச்சியில கிடையாது. உங்க பொண்ணுக்கு உலோக வால்வு வேணும்னா வெக்கலாம்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த லூபேக்குப் பதினேழு வயது. சின்ன வயதில் தொண்டை வலி, மூட்டு வீக்கம் என்று வந்த வாதக் காய்ச்சல், போகும்போது இதயத்தில் ஒரு வால்வை அரித்துவிட்டுப் போயிருந்தது. இப்போது கோயில் படி ஏறினால் நடுவில் நின்று, யாரையோ தேடுகிற மாதிரி திரும்பிப் பார்ப்பாள். தேடுவது மூச்சை.

"உலோக வால்வு வெச்சா சாகற வரைக்கும் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடணும்," என்றாள் சொலோஃபுவா. "அதுக்கு ஓயாம ரத்தம் சோதிக்கணும். எங்க கிராமத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி இங்க வரணும். நாளைக்குக் கல்யாணமாகி வயித்துல ஒண்ணு வந்தா அந்த மாத்திரையே எமன். ஒட்டுப் போட்டா இந்தத் தொல்லை எதுவும் இல்லைன்னு சொன்னது நீங்கதானே?"

"நாங்கதான். ஆனா தீவுகள்ல ஒட்டு சரியா நிக்கலைங்க. மொதல்ல போட்டவங்கள்ல பாதிப்பேரு காணாமப் போயிட்டாங்க. காணாமப் போனவங்களுக்கு ஒட்டு பிஞ்சுபோச்சுன்னு வெச்சுக்கணும். அது ஆராய்ச்சி விதி."

"யாரு காணாமப் போனது?"

பிரியோனி கையிலிருந்த பலகைக் கணினியைத் தடவினாள். "பேரைச் சொல்லக்கூடாது."

"நான் சொல்றேன். யானெட்டான்னு ஒருத்தி இருக்காளா பாரு."

பிரியோனியின் முகம் இரக்கத்தில் சுருங்கியது. "உங்க சொந்தமா? ரொம்ப வருத்தமா இருக்குங்க."

சொலோஃபுவா தன் மேல்சட்டையின் கழுத்துப் பித்தானைக் கழற்றினாள். நெஞ்செலும்பின் நடுவே தழும்பு நேர்கோடாக இறங்கியது. "எனக்கும்தான் வருத்தமா இருக்கு. நேத்து நீங்க வந்து இறங்கினதுக்கு விருந்து வெச்சோமே, அந்தப் பன்னியை அனுப்பினவ இந்த யானெட்டாதான். செத்துப்போனவ வீட்டுப் பன்னின்னு தெரிஞ்சா ரெண்டாவது தடவை வாங்கித் தின்னிருக்க மாட்டே."

ஐந்து வருஷத்துக்கு முன்னால், சொலோஃபுவா வெறும் யானெட்டாவாக இருந்தபோது, இதே குழுவின் டாக்டர் கிரேடி அவள் நெஞ்சைத் திறந்தார். மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையை எடுத்து, விறைத்துப்போகாமல் இருக்கப் புது முறையில் பதப்படுத்தி, அவளுடைய நைந்த வால்வுக்கு ஒட்டாக வைத்துத் தைத்தார். சந்தையில் வெகுநாள் அதுதான் பேச்சு. பக்கத்துக் கடை ஃபேத்து, "கறிக்கடையில உனக்கு மட்டும் சொந்தக்கார விலையாடி?" என்று கேட்பாள். "வாங்கறதே இல்ல, சித்தப்பன் பெரியப்பனா இருந்துட்டா பாவம்," என்பாள் இவள்.

இரண்டு வருஷம் ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போனாள். அதற்குள் அப்பாவின் கிராமத்தில் குடும்பம் கூடி, சொலோஃபுவா என்ற தலைமைப் பட்டத்தை அவளுக்குக் கொடுத்தது. ஊரோடு போய்க் குடியேறினாள். அன்றிலிருந்து அவளை யானெட்டா என்று கூப்பிட யாருக்கும் வாய் வராது, புருஷனே கூப்பிடுவதில்லை. பிறகு நோய்த்தொற்று வந்து விமானங்கள் நின்றன. சிட்னிக் குழுவும் வரவில்லை. இந்த வருஷம்தான் மறுபடி வந்தார்கள்.

"நாங்க தேடாம இல்லைங்க," என்றாள் பிரியோனி, குரல் தேய்ந்து. "மூணு தடவை போன் பண்ணியிருக்காங்க. மூணு தடவையும் அப்படி யாரும் இங்க இல்லைன்னு ஒரு ஆள் சொல்லியிருக்காரு."

சொலோஃபுவா மெதுவாகத் திரும்பினாள். அவளை வண்டியில் கூட்டி வந்த அண்ணன் மகன் பெனி, சுவரோடு சுவராக நின்றிருந்தான். முப்பது வயது ஆள்.

"நீயாடா?"

"மொட்டையா யானெட்டா இருக்காளான்னு கேட்டா நான் என்ன அத்தை சொல்றது?" என்றான் பெனி. அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "ஊர்த் தலைவியைப் பேர் சொல்லிக் கூப்பிடற ஆளுக்கு மரியாதையா பதில் வேற சொல்லணுமா? அப்படி யாரும் இல்லைன்னு வெச்சேன். மறுபடியும் அதே மாதிரி கேட்டாங்க. மறுபடியும் வெச்சேன். உங்க மரியாதையைக் காப்பாத்தினேன்."

"காப்பாத்தினே. ஆளைக் கொன்னுட்டு மரியாதையைக் காப்பாத்தினே. போய் வண்டியில உக்காரு."

பெனி போனான். அவனைத் திட்டியது பாதிக் கோபம்தான். மீதி முழுசாக இருந்தது. பிரியோனி பக்கம் திரும்பினாள். "அவன் முட்டாள், சரி. நான் மாசாமாசம் இதே ஆஸ்பத்திரிக்கு வந்து, இதோ அந்தக் கதவுக்குள்ள போய், வாதக் காய்ச்சல் திரும்பாம இருக்க இடுப்புல பென்சிலின் ஊசி போட்டுக்கறேன். அந்த நர்ஸைக் கேட்டிருந்தா சிரிச்சிருப்பா. கடல் தாண்டி மூணு தடவை போன் பண்ணத் தெரிஞ்சவங்களுக்கு இந்தக் கதவைத் தட்டத் தெரியலையா? காணாமப் போனது நானா? தேடாம விட்டது நீங்க. அதுக்குத் தண்டனை என் பொண்ணுக்கா?"

வராந்தாவில் இன்னும் ஐந்து தாய்மார் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருமே ஒட்டுக்காக வந்தவர்கள். ஒவ்வொருத்தியின் காதும் இந்தப் பக்கமே இருந்தது.

பிரியோனி ஓடிப்போய் டாக்டர் கிரேடியைக் கூட்டிவந்தாள். கிரேடி நெட்டை மனிதர். முகத்தை ஒரு கணம் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. தழும்பைப் பார்த்தார், தெரிந்துவிட்டது. "முன்பக்க இதழ்ல பெரிய ஒட்டு," என்றார். "உங்களையா தொலைச்சோம்?"

அடுத்த நிமிஷம் அவர் கண்ணில் வந்த பளபளப்பை சொலோஃபுவா தவறவிடவில்லை. பழைய பாய்களுக்கு நடுவே நூறு வருஷத்துக்கு முன்னால் கையால் பட்டாக நெய்த பாய் ஒன்றைப் பார்த்துவிட்ட சுற்றுலாக்காரனின் பளபளப்பு அது. அப்படிப்பட்டவர்கள் வேண்டாதவர்கள் மாதிரி முகத்தை வேறு பக்கம் திருப்புவார்கள். கால் மட்டும் நகராது.

"உள்ள வாங்க, ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்," என்றார் கிரேடி, சாதாரணமாக.

உள்ளே அறையில் கட்டிலில் ஏறிப் படுத்தாள். பிரியோனி களிம்புக் குழாயை எடுத்தாள். சொலோஃபுவா தன் நெஞ்சின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"அஞ்சு வருஷம் ஓடின ஒட்டு உங்ககிட்ட எத்தனை இருக்கு, டாக்டரே?"

கிரேடி தயங்கினார். "அதிகம் இல்ல."

"இதுல சுண்ணாம்பு படிஞ்சு விறைச்சிருக்கா, இன்னும் துணி மாதிரி இருக்கான்னு தெரிஞ்சா உங்களுக்கு நல்லது."

"ரொம்ப நல்லது. எங்களுக்குன்னு இல்ல, எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா அதுல லூபே இருக்காளா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியே பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "இங்க பாருங்க, லூபேக்கு நான் ஒட்டுப் போட்டுடறேன். ஆராய்ச்சிக்கு வெளியில, என் சொந்தப் பொறுப்புல. ஒருத்திக்குச் செஞ்சா யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க படம் எடுக்க விடுங்க."

சொலோஃபுவா நெஞ்சை மூடியிருந்த கையைச் சற்றுத் தளர்த்தினாள். சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மகள் படியேறுவாள். யாரும் அவளைக் குறை சொல்லவும் முடியாது. வெளியே இருக்கும் அந்த ஐந்து பேரில் எவளாக இருந்தாலும் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அதுதான் சுட்டது. அத்தனை பேருடைய பிள்ளைகளையும் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, கத்தத் தெரிந்தவளுக்கு மட்டும் கதவிடுக்கு வழியாக ஒன்றை நீட்டுகிறார்கள்.

"லூபேக்கு நீங்க போடுங்க," என்றாள். "அது டாக்டரா உங்க வேலை. நல்லது எதுன்னு தெரிஞ்ச டாக்டரு அதைச் செஞ்சுதான் ஆகணும். அதுக்கு நான் விலை குடுக்க மாட்டேன். இந்தப் படம் வேற சரக்கு. இதுக்கு விலை வேற."

"விலையா?"

"எப்ப வேணா விலகிக்கலாம், காரணம் சொல்ல வேண்டாம்னு கையெழுத்து வாங்கறப்ப நீங்களே படிச்சுக் காட்டினீங்க. நான் விலகிக்கறேன். இப்பத்தான் நிஜமா காணாமப் போறேன்."

பிரியோனி களிம்புக் குழாயைக் கீழே வைத்தாள். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. சொலோஃபுவா பாவம் பார்க்கிற நிலையில் இல்லை.

"தொலைஞ்சவங்க எங்கன்னு நான் சொல்றேன்," என்றாள். "செமிசி நியூசிலாந்துல ஆப்பிள் பறிக்கறான், அவன் ஏணியில நிக்கற போட்டோ போன வாரம் வந்துச்சு. ஃபிலிபோ பாதிரியாராகி வேற தீவுக்குப் போயிட்டாரு. அவர் பிரசங்கம் ஆரம்பிச்சா முடியாது, மூச்சு அவ்வளவு இருக்கு. ஒட்டு நிக்கலைன்னு எழுதினீங்களே, நின்னுச்சா விழுந்துச்சான்னு ஒரு நெஞ்சுலயாவது ஸ்கேன் வெச்சுப் பாத்தீங்களா? பாக்காம எழுதறதுக்குப் பேரு ஆராய்ச்சியா? அழுகின கிழங்குன்னு சொல்லணும்னாகூட நாங்க வெட்டிப் பாத்துத்தான் சொல்லுவோம்."

கிரேடி சிட்னியிலிருக்கும் பேராசிரியருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். ஆராய்ச்சி முழுக்க அந்த மனிதரின் கையில். காணாமல் போனவர்களில் ஒருத்தி கட்டிலில் கிடக்கிறாள், மற்றவர்களும் உயிரோடு இருக்கிறார்கள் என்றார் கிரேடி.

"அற்புதம்," என்றது போன். "அந்த அம்மாவுக்கு முதல்ல ஸ்கேன் எடுங்க. மத்ததைப் பரிசீலிக்கலாம். குழுவுல வெக்கறேன். ஆராய்ச்சிக் கட்டுரை அடுத்த மாசம் பத்திரிகையில வருது, இப்போ எதையும் தொட முடியாது."

பரிசீலிக்கலாம் என்ற சொல் காதில் விழுந்ததுமே சொலோஃபுவா எழுந்து உட்கார்ந்து பித்தானைப் போட ஆரம்பித்தாள். சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

கிரேடி அவள் விரல்களைப் பார்த்தார். "அப்ப என் பேரைக் கட்டுரையிலேர்ந்து எடுத்துடுங்க," என்றார் போனிடம்.

"என்ன சொல்றே?"

"ஒட்டுப் போட்டது நான். அது பிஞ்சுபோச்சுன்னு நான் பாக்கல. பாக்காததுல என் பேரு வேண்டாம். ஏன் எடுத்தேன்னு கேக்கறவங்களுக்கும் சொல்லுவேன்."

போன் லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டது. "அந்த அம்மா என்னதான் கேக்கறாங்க?"

கிரேடி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவளே பதில் சொன்னாள். "காணாமப் போனவங்க எல்லாரையும் தேடிப் பாக்கற வரைக்கும் அந்தக் கட்டுரை வெளியில வரக்கூடாது. வராந்தாவுல இருக்கற ஆறு பிள்ளைங்களுக்கும் இந்தத் தடவையே ஒட்டு. திருட்டுத்தனமா இல்ல, ஆராய்ச்சிக்குள்ள வெச்சு, வருஷா வருஷம் வந்து பாக்கணும். ஆளுங்களை நான் காட்டறேன். தேடறது உங்க வேலை."

"பழைய விதி ஒண்ணு இருக்கு," என்றார் பேராசிரியர் கடைசியில், யாரோ தன் பையிலிருந்து பிடுங்குகிற குரலில். "கூடுதல் விவரம் கிடைச்சா கட்டுரையை நிறுத்தலாம். அந்த ஆறு பேரையும் பழைய அனுமதியிலேயே சேர்த்துக்கலாம். எழுதி அனுப்பறேன்."

"அனுப்பினப்புறம் படுக்கறேன்," என்றாள் சொலோஃபுவா.

கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். பேராசிரியர் எழுதியது வந்ததும் கிரேடி வாசித்துக் காட்டினார். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகுதான் படுத்தாள். களிம்பு சில்லென்று இருந்தது. திரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ துடித்தது; அதன் நடுவே ஒரு சின்னக் கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது, அவசரமில்லாமல்.

"சுண்ணாம்பே இல்ல," என்றார் கிரேடி. இதை இரண்டு தடவை சொன்னார். பிரியோனி திரையைப் பார்த்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

அவர்கள் அவளும் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் களிம்பைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் லூபே.

"ஒட்டுத்தான். ஆறு பேருக்கும். வியாழக்கிழமை மொத ஆளு நீ."

பக்கத்துப் பெஞ்சில் ஒருத்தி முகத்தை மேல்துணியில் புதைத்துக்கொண்டாள். லூபே சிரித்துக்கொண்டே எழுந்தாள். இரண்டடி வைத்தாள், அம்மாவின் கையைப் பிடிக்க வந்தவள் நடுவில் நின்று, சுவரில் கையை ஊன்றி, வாயைத் திறந்து மூச்சைத் தேடினாள். உதட்டோரம் நீலம் பாரித்தது.

சொலோஃபுவா அவளைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தாள். ஒழுங்காகத் தேடியிருந்தால் பேரம் பேசாமலே கிடைத்திருக்க வேண்டிய மூச்சு. கதவருகே கிரேடி நின்று, நன்றி சொல்லக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். மகளின் முதுகைத் தடவுகிற கையை எடுக்கவில்லை.

"மொதல்ல செமிசிக்குப் போன் போடுங்க," என்றாள். "மரியாதையா கேளுங்க. அவனுக்கும் இப்ப பட்டம் இருக்கு."