மேகத்தைத் தாண்டிய குட்டி டீசல்

வேல்ஸ் மலைப்பண்ணைகளுக்குப் போய்வரும் கால்நடை மருத்துவர் எலுனெட்டுக்குச் சீறிப் பாயும் கார் ஒன்று வேண்டும். பெரிய பெட்ரோல் காரை முதலில் ஓட்டிப் பார்த்தாள். உறுமிக்கொண்டு பறந்தது, ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

அடுத்தது குட்டி டீசல் கார்.

"டிராக்டர் சத்தம்டி! ஆடெல்லாம் சிரிக்கப் போகுது," என்றான் பக்கத்தில் இருந்த கணவன் எம்ரிஸ்.

அதே ஏற்றத்தில் அவள் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினாள். யாரோ பின்னாலிருந்து ஏந்தித் தூக்கியதுபோல, கியர் மாற்றாமலே கார் மேகத்துக்குள் புகுந்து, அதையும் தாண்டி வெயிலுக்கு வந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெண்மேகம்.

"என்னப்பா, ஆடெல்லாம் சிரிக்குதா?" என்றாள் எலுனெட்.

"சும்மா இருடி. கீழே இறங்கிப் போய் இன்னொரு தடவை ஏறலாம்," என்றான் எம்ரிஸ்.

ஏறினார்கள். டீசலையே வாங்கினார்கள்.